ஈயின் காலில் இருப்பது நம் நாக்கின் சிற்றுரு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் சுவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஈ காலால் சுவைக்கிறது என்று எழுதியிருந்தது சரி. ஆனால் அதன் காலில் இருப்பதும் நம் நாக்கில் இருப்பதும் ஒரே வகை ஏற்பிகள்தான் (சுவைப் பொருளைப் பிடித்து உணரும் புரதங்கள்), அளவில் மட்டுமே வேறுபாடு என்று முடித்திருந்தது தவறு. பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் அது என்பதால் எழுதுகிறேன்.

பசியோடு இருக்கும் ஈயின் முன்னங்காலில் சர்க்கரைத் தண்ணீர் தோய்த்த மெல்லிய தூரிகையால் தொட்டு வகுப்பில் காட்டுவேன். தலைக்கு அடியில் மடிந்து கிடக்கும் உறிஞ்சுகுழல் சட்டென்று நீளும். தாகம் தீர்ந்த ஈயை வெறும் தண்ணீரால் தொட்டால் அது நீளாது. காலில் உள்ள சுவை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நுண்துளை உண்டு. சர்க்கரை அதன் வழியே இறங்கினால் உள்ளே காத்திருப்பவை நரம்பு செல்களே. செய்தி அங்கிருந்து நேராக மைய நரம்பு மண்டலத்துக்குப் போய்விடும்.

நம் சுவை மொட்டில் இருப்பவை நரம்பு செல்கள் அல்ல. சில வாரங்களுக்குள் அழிந்து மறுபடி முளைக்கும் புறத்திசு செல்கள். இனிப்பை அறிவது டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் இணைந்த ஏற்பி. அது தானாக எதையும் திறப்பதில்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. அதனால் ஒரு நொதி வேலை செய்ய, கால்சியம் கூட, டிஆர்பிஎம்5 என்ற கால்வாய் (செல் சவ்வில் அயனிகள் நுழையும் புரத வழி) திறக்க, கடைசியில் ஏடிபி என்ற வேதிப்பொருள் வெளியேறிப் பக்கத்து நரம்பைத் தொடுகிறது. கசப்புக்கு மனிதரிடம் சுமார் 25 ஏற்பிகள். அவற்றுக்கும் இதே பாதைதான். உப்பும் புளிப்பும் வேறு கதை.

ஜிஆர் எனப்படும் ஈயின் சுவை ஏற்பியோ தானே கால்வாய். சர்க்கரை பொருந்தியதும் நடுத்துளை திறந்து அயனிகள் உள்ளே பாய்கின்றன. நம்முடையது அழைப்பு மணி என்றால் ஈயினுடையது கதவேதான். இந்த மரபணுக் குடும்பம் 2000-இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவுவதால் முதலில் நம் ஏற்பிகளின் உறவாகவே அதை எண்ணினார்கள். பிறகுதான் அது சவ்வில் தலைகீழாக அமர்ந்திருப்பது தெரிந்தது. இக்குடும்பத்தைச் சேர்ந்த, பழ ஈயின் ஜிஆர்43ஏ ஏற்பியில் நான்கு புரதங்கள் ஒரு துளையைச் சூழ்ந்து நிற்பதை 2024-இல் வெளியான ஆய்வுகள் படமாகவே காட்டின. அதே ஏற்பி ஈயின் மூளையிலும் இருந்துகொண்டு உடல் திரவத்தின் பிரக்டோஸை அறிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனிப்பு ஈக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பாலூட்டியான பூனைக்குத் தெரியாது, டி1ஆர்2 மரபணு அதற்குப் பழுதாகிவிட்டது. ஆகவே சுவைத்திறனைச் சிறிது, பெரிது என்று ஒரே வரிசையில் அடுக்க முடியாது. இது பாடப்புத்தகத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. முட்டையிட இடம் தேடும் பட்டாம்பூச்சி இலையை முன்னங்காலால் தட்டிப் பார்த்துத்தான் தன் செடியை அறிகிறது. அந்த அறிதலைக் கெடுக்கப் பூச்சியின் ஏற்பியை மட்டும் தடுத்து, நம் நாக்கில் எதையும் தொடாத பொருளைத் தேட இடமிருப்பதே இரண்டும் வெவ்வேறாக இருப்பதால்தான்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இரு ஏற்பிகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை