பில் கிழிக்கிற மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வணிகப் பக்கத்துல சின்ன ஆபீசுக்கு என்னென்ன மிஷின் வேணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு, நோட்டு எண்ற மிஷின், லேமினேஷன் மிஷின் எல்லாத்தையும் விலாவாரியா எழுதிட்டு கடைசில ஒத்த வரில, கம்ப்யூட்டர் பில்ல தனித்தனியா கிழிச்சுக் குடுக்க மிஷின் இருக்கு வாங்கினா ஆள்கூலி மிச்சம்னு முடிச்சிருந்தாங்க. அந்த ஒத்த வரிய நம்பி யாரும் துட்டக் கொண்டுபோய் கொட்டிறக் கூடாதேன்னுதான் எழுதுறேன், ஏன்னா எங்க கடைல அப்படித்தான் கொட்டினோம்.

நான் மதுரைல ஒரு மருந்து மொத்தக் கடைல பில்லிங் செக்‌ஷன்ல இருக்கேன். ஒரு நாளைக்கு முந்நூறு முந்நூத்தம்பது பில்லு போகும், மேலூர் லைன், திருமங்கலம் லைன், உசிலம்பட்டி லைன்னு பிரிச்சு காலைல பதினொரு மணிக்குள்ள பெட்டியோட வண்டில ஏத்தணும். எல்லாம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். இன்னுமா அத வச்சிருக்கீங்கன்னு சிரிக்கிறவங்க ஜிஎஸ்டி ரூல் 48 என்ன சொல்லுதுன்னு பாக்கணும், சரக்கு விக்கிறவங்க பில்லு மூணு காப்பி போடணும், ஒண்ணு வாங்குறவங்களுக்கு, ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு நமக்கு. டாட் மேட்ரிக்ஸ்ல ஊசி வந்து அடிக்கும், ஒரே அடில மூணு காப்பியும் விழுந்துரும். லேசர்ல அந்த வேல நடக்காது, மூணு தடவ தனித்தனியா எடுக்கணும்.

பேப்பர் எங்களுக்கு பத்துக்கு ஆறு இஞ்ச், வெள்ளை ரோஸ் மஞ்சள்னு மூணு அடுக்கு, கார்பன் தாள் வைக்காத கார்பன்லெஸ் பேப்பர். ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை போட்ட பட்டி இருக்கும், அரை இஞ்சுக்கு ஒரு ஓட்டை, பிரிண்டர் பல்லு அதப் பிடிச்சுத்தான் இழுக்கும். அடிச்சு முடிச்சா பாம்புச் சட்டை மாதிரி நீளமா மடிஞ்சு கிடக்கும், ஓரப் பட்டிய உரிக்கணும், ஒவ்வொரு பில்லையும் துளை போட்ட கோட்டுல கிழிக்கணும், மூணு கலரையும் பிரிக்கணும், லைன் வாரியா அடுக்கணும். கடைல வேல பாக்குற ரெண்டு புள்ளைங்க இதுக்குன்னே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல உக்காந்திருக்கும். அதப் பாத்து மொதலாளிக்குப் பொறுக்கல, மிஷின் வாங்கிறலாம்னுட்டார்.

டீலர் ஆள் ஒருத்தர் மிஷினக் கொண்டாந்து டெமோ காமிச்சார். அவரே ஒரு கட்டு பேப்பரும் கொண்டாந்திருந்தார். பன்னெண்டு இஞ்ச் நீளம், ஒத்த அடுக்கு, ஒண்ணுமே அடிக்காத புதுப் பேப்பர். மிஷின் அதை சடசடசடன்னு கிழிச்சு அடுக்கித் தள்ளுச்சு, கடையே வேலைய விட்டுட்டு வேடிக்க பாத்துச்சு, நானும்தான். எங்க பில்லப் போட்டுப் பாருங்கன்னு சொல்ல அங்க ஒருத்தருக்கும் தோணல. என்னோட மூணு மாச சம்பளத்துக்கு மேல விலை, அன்னைக்கே செக்கு போட்டாச்சு.

மறுநாள் காலைல எங்க பில்லு உள்ள போச்சு. மிஷின் ரெண்டு ஓரத்தையும் சுத்தமா நறுக்கிருச்சு. மூணு அடுக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கறதே அந்த ஓரப் பட்டிலதான்ங்க. அத நறுக்கினதும் வெள்ளை ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம்னு வழுக்கி விழுது, மேல ஃபேன் வேற ஓடுது. அன்னைக்கு உசிலம்பட்டி கடைக்கு திருமங்கலத்துக்காரர் பில்லு போயி, உசிலம்பட்டிக்காரர் போன் போட்டு நான் கேக்காத இன்சுலின என் கணக்குல எழுதிட்டீங்களான்னு சத்தம். அது பத்தாதுன்னு ரோஸ் காப்பில பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரி தேதியும் இருக்கற எடத்துல நீலமா இழுவிக் கிடந்துச்சு. டீலருக்கு போன் போட்டா நீங்க பேப்பர சரியா வைக்கலம்மா அப்படிங்கறார். ஒரு வாரம் தினம் போராடினோம், அப்புறம் மிஷின் மேல உறையப் போட்டு ஓரமாத் தள்ளியாச்சு.

எங்க மொதலாளியோட சம்பந்தி ஒருத்தர், ஒரு காலத்துல பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர் ரூம்ல, ஒரு வரி முழுக்க ஒரே மூச்சுல அடிக்கிற லைன் பிரிண்டர் பக்கத்துலயே இருந்து ரிட்டயர் ஆனவர். ஏதோ கல்யாண வேலையா வந்தவர் உறையத் தூக்கிப் பாத்துட்டு, என்ன சம்பந்தி உங்க வேல காப்பி பிரிக்கிறது, நீங்க வாங்கி வச்சிருக்கறது கோட்டுல கிழிக்கிறதுன்னு சிரிச்சார். அப்பத்தான் எங்களுக்கே தெரியும், இதுல மிஷின் ரெண்டு ஜாதின்னு. நீளத் தாள கோட்டுக் கோட்டாக் கிழிக்கிறது பர்ஸ்டர். அடுக்கடுக்கா இருக்கற காப்பியப் பிரிச்சு தனித்தனி கட்டா விடுறது டீகொலேட்டர், நடுவுல கார்பன் தாள் இருக்கற பேப்பர்னா அந்தக் கார்பன ஒரு கம்பில சுருட்டி எடுத்துரும். ஓரப் பட்டி நறுக்குறது தனியா ஒரு பிளேடு, சில மிஷின்ல கூடவே வரும். கடைக்காரங்க எல்லாத்தையும் பேப்பர் செபரேட்டர்னே சொல்லி விக்கிறாங்க, அங்கதான் நாம ஏமாறுறது.

பர்ஸ்டர் வேல செய்யற விதத்த அவர் மூடியத் திறந்து காமிச்சார். ரெண்டு ஜோடி ரோலர், பின்னாடி ஜோடி மெதுவா சுத்தும், முன்னாடி ஜோடி வேகமாச் சுத்தும், நடுவுல மொன்னையா ஒரு தகடு. கோடு அந்தத் தகட்டுக்கு நேரா வரும்போது முன் ரோலர் வெடுக்குன்னு இழுக்கும், படக்குன்னு பிஞ்சு வரும். பேப்பர் நீளம் மாறினா ரோலர் இடைவெளியையும் மாத்தி வைக்கணும், அதுல கொஞ்சம் பிசகினாலும் கோட்டுல கிழியாம நடுப் பில்லுல கிழியும். நீல இழுவலுக்கும் ரோலர்தான் காரணமாம். கார்பன்லெஸ் பேப்பர்ல மேல் தாளோட பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சாய முட்டை மாதிரி பூசியிருக்கும், பிரிண்டர் ஊசி அடிச்சா அது உடைஞ்சு கீழ்த் தாள்ல எழுத்தா விழும். நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி 1950கள்ல கொண்டாந்தது, அதான் பிரஸ்காரங்க இன்னும் என்சிஆர் பேப்பர்னே சொல்றாங்க. ஊசி அடிச்சா உடையற முட்டை ரோலர் அழுத்தினாலும் உடையும்ல. அழுத்தத்தக் குறைச்சு வச்சா இழுவல் குறையுது, ஆனா அப்பப்போ கிழியாம ஒட்டிக்கிட்டே வருது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு நாளாச்சு.

வேகத்தப் பத்தி ஒரு விஷயம். டீலர் நிமிஷத்துக்கு நூறு அடின்னு பெருமையாச் சொன்னார். சம்பந்தி ஒரு துண்டுச் சீட்டுல கணக்குப் போட்டார், உங்க பில்லு அரை அடி, ரெண்டு மூணு பக்கம் போற பில்லையும் சேத்தா நாளைக்கு நானூத்தம்பது தாள், எல்லாம் சேந்து 225 அடி, ஆக மிஷினுக்கு ரெண்டேகால் நிமிஷ வேல, அதுக்கு செட் பண்ண பத்து நிமிஷம். கேட்டதும் மொதலாளி மொகம் போன போக்கப் பாக்கணும். புள்ளைங்களுக்கு நேரம் எங்க போகுதுன்னு நாங்க ஒரு நாளாவது வாட்ச்ச வச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பாத்தப்போ கிழிக்கிறதுக்கு முக்கால் மணிகூட ஆகல, மத்த நேரமெல்லாம் கலர் பிரிச்சு லைன் வாரியா அடுக்குறதுலதான் போகுது. லைன் வாரியா அடுக்க எந்த மிஷினும் வராது. அதுக்கு நாங்க பண்ணது, பில்லு போடும்போதே லைன் வரிசைல போடுறது. மொத மேலூர் முழுக்க, அப்புறம் திருமங்கலம். சாஃப்ட்வேர்காரப் பையன்கிட்ட சொன்னா அர மணி நேரத்துல மாத்திக் குடுத்துட்டான், ஒரு பைசா வாங்கல. இத்தன வருசம் இது ஏன் தோணலன்னு தெரியல.

இன்னொரு யோசனையும் அவர் சொன்னதுதான். மஞ்சள் காப்பி ஆபீஸ்லயே இருக்கப் போகுது, அத எதுக்குக் கிழிக்கிறீங்கன்னு கேட்டார். அந்தக் காலத்துல நீள ரிப்போர்ட்ட எல்லாம் கிழிக்காம மடிப்போடயே ஓட்டைல கம்பியக் கோத்து அட்டை போட்டு வச்சிருவாங்களாம். இப்ப நாங்களும் மொதல்ல மஞ்சள் அடுக்க மட்டும் ஓரத்துல இருந்து உரிச்சு, ரெண்டு பிளாஸ்டிக் கூடைய வச்சு கையாலயே பிரிச்சு, மடிப்பு மாறாம கட்டி தேதி எழுதி வச்சிர்றோம். நம்பர் வரிசை தானா இருக்கு, நடுவுல ஒரு பில்லு காணாமப் போக வழியே இல்ல. ஜிஎஸ்டி கணக்க வருச ரிட்டர்ன் கடைசித் தேதில இருந்து 72 மாசம் வச்சிருக்கணுங்கறாங்க, அத்தன வருசம் உதிரிச் சீட்டாக் கட்டி வச்சுத் தேடிப் பாத்தவங்களுக்குத் தெரியும் இதோட அரும. வெள்ளையும் ரோசும் பெட்டியோட சேந்தே போறதுனால அத ஜோடியாவே கையால கிழிச்சாப் போதும், ஒரு பக்கப் பட்டிய உரிக்காம விட்டா ஜோடி கலையாது. கடையில சரக்கு எறக்கையில உரிச்சுக்கறாங்க.

பேப்பரப் பத்தி சொல்லியே ஆகணும், மிஷின விட அதுலதான் எங்களுக்கு நிறைய சிக்கல். வெல கம்மின்னு வாங்கின ஒரு லாட்டுல கோட்டுத் துளை ஒரு எடத்துல ஆழமா இருக்கும் ஒரு எடத்துல பேருக்கு இருக்கும், அது கையாலயே நேரா கிழியல, மிஷின் என்ன பண்ணும். ஐப்பசி மழைல பெட்டியத் தரைல வச்சிருந்தா ஈரம் இழுத்துக்கிட்டு பேப்பர் துணி மாதிரி தொவண்டு போகும், படக்குன்னு பிய்யாது. இப்ப பலகை மேல ஏத்தி வச்சு, பிரிச்ச பெட்டிய பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுறோம். அதனால டெமோ காமிக்க வர்றவர்கிட்ட நம்ம பெட்டில இருந்து எடுத்த, நம்ம பில்லு அடிச்ச பேப்பரக் குடுத்து ஓட்டச் சொல்லுங்க, பத்து தாள் இல்ல ஒரு நாள் பில்லு மொத்தமும். ஒத்துக்கலன்னா அங்கயே ஒரு டீயக் குடுத்து அனுப்பி வச்சிருங்க.

வாங்கத்தான் போறீங்கன்னா இதையும் கேட்டுக்கங்க. எத்தன அடுக்கு வரைக்கும் தாங்கும், குறைஞ்ச நீளம் எவ்வளவு (எங்க மாதிரி ஆறு இஞ்சுக்காரங்க கட்டாயம் கேக்கணும்), ஓரம் நறுக்குற பிளேட ஒரு பக்கம் மட்டும் நிறுத்த முடியுமா, கிழிச்சு விழுற தாள் நம்பர் வரிசைல விழுதா தலகீழா விழுதா. ரப்பர் ரோலர் தனியாக் கிடைக்குமா, யார் வந்து மாத்துவாங்க. நம்ம ஊர் வெயில்ல ரப்பர் இறுகி வழவழன்னு ஆயிருச்சுன்னா பேப்பரப் பிடிக்காம வழுக்கும், அந்த ஒரு ரோலர் இல்லாம மொத்த மிஷினும் காயலாங்கடைக்குப் போனத நான் கேள்விப்பட்டிருக்கேன். அப்புறம் துப்பட்டா, வளையல், கழுத்துல தொங்குற ஐடி கார்டு கயிறு. ரோலருக்கு அது பேப்பரா துணியான்னு தெரியாது. ஓடிக்கிட்டு இருக்கும்போது மாட்டின தாள எடுக்க கைய விடாதீங்கன்னு எங்க புள்ளைங்ககிட்ட தினம் கத்துறேன், கேக்குறாங்களா என்ன.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு, உங்க டர்ன்ஓவர் என்னன்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அஞ்சு கோடிக்கு மேல போனவங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கற கடைக்குப் போடுற பில்ல இ-இன்வாய்ஸாத்தான், அதாவது அரசாங்க போர்ட்டல்ல பதிஞ்சுதான் போடணும், 2017-18ல இருந்து ஏதாவது ஒரு வருசம் தாண்டியிருந்தாலே போதும். அந்தப் பில்லுக்கு மூணு காப்பிங்கற ரூலே கிடையாது. ஆனா க்யூஆர் கோடு அடிக்கணும், எங்க பழைய டாட் மேட்ரிக்ஸ்ல அத அடிச்சுப் பாத்தோம், புள்ளி புள்ளியா வந்து பாதி போன்ல ஸ்கேனே ஆகல. அந்த எல்லைக்குப் பக்கத்துல நிக்கிறவங்க இன்னைக்கு கிழிக்கிற மிஷின் வாங்கி நாளைக்கு லேசர் பிரிண்டரும் வாங்கினா, ரெண்டு செலவு. எங்க மொதலாளி இந்தக் கணக்கப் பாத்ததே மிஷின் வாங்கி நாலு மாசம் கழிச்சுத்தான்.

எங்க மிஷினுக்கு என்னாச்சுன்னு கேப்பீங்க. விக்கப் பாத்தோம், பாதி வெலைக்கும் ஆள் இல்ல. ஆனா மாசக் கடைசில எல்லாக் கடைக்கும் பாக்கி ஸ்டேட்மென்ட் அனுப்புவோம், அது பன்னெண்டு இஞ்ச், ஒத்த அடுக்கு, அதே டெமோ பேப்பர்தான். அன்னைக்கு மட்டும் உறைய எடுத்துட்டு ஓட்டுவோம், அறுநூறு தாள டீக்கடைப் பையன் வந்து போறதுக்குள்ள கிழிச்சு முடிச்சிரும். மத்த இருபத்தொம்பது நாளும் அது மேல டிபன் பாக்ஸ் வச்சிருக்கோம்.

அந்தக் கட்டுரை எழுதினவர்கிட்ட இத எடுத்துச் சொல்லுங்க ஐயா, அடுத்த தடவ ரெண்டு வரி கூட எழுதட்டும்.

இப்படிக்கு,
பில்லிங் செக்‌ஷன் வாசகி, மதுரை