பாவம் என்றால் கையெழுத்து எதற்கு? ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஊர்க் கமிட்டித் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் தோத்திரம்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் நீங்கள் வாசித்த தீர்மானத்தைப் பற்றியது இந்த மடல். எழுதியவர்களுக்கு விவரம் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்கு மன்றத்துப் பக்கத்து அறையில் மாதத்தில் ஒரு புதன்கிழமை வந்து உட்காரும் நர்சம்மா, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் ‘அந்த ஊசி’ வேண்டும் என்று வரும் பெண், கணவன் கையெழுத்திட்ட கடிதத்தோடு வரவேண்டும். கடிதத்தைச் சரிபார்க்க வாசலில் கமிட்டி ஆள் ஒருவர் நோட்டுடன் இருப்பார். அறைச் சாவி இனிக் கமிட்டி அலுவலகத்தில் இருக்கும். ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசியின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல், கருத்தடை என்ற சொல்லும் வராமல், முழுத் தீர்மானத்தையும் வாசித்து முடித்த செயலாளரின் திறமையைப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து வியந்தோம்.

எங்கள் கோரிக்கை சிறியது. கையெழுத்து நிபந்தனையை நீக்குங்கள். சாவியை நர்சம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.

எனக்குப் புரியாத ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். ‘திருச்சபையின் போதனைக்கு மாறானது’ என்றுதான் தீர்மானம் தொடங்கியது. சரி. செயற்கைக் கருத்தடை கூடாது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 தேதியிட்ட சுற்றுமடலை வெளியிட்டார். இன்றும் திருச்சபை அதையே சொல்லிவருகிறது. நாங்களும் ஞானோபதேசம் படித்தவர்கள்தான். ஆனால் கணவன் எழுதிக் கொடுத்தால் பரவாயில்லை என்று அந்தச் சுற்றுமடலில் எந்த இடத்திலும் இல்லை. ஊசி பாவம் என்றால் கணவன் கையெழுத்துப் போட்டதும் அது எப்படிக் கழுவப்படுகிறது? பாவமில்லை என்றால் கையெழுத்து எதற்கு? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவருக்கு மட்டும் உள்ள பாவமன்னிப்பு அதிகாரத்தை, ஊரில் பேனா பிடிக்கத் தெரிந்த எல்லாக் கணவன்மாருக்கும் நீங்கள் வழங்கியிருக்கிறீர்கள். பங்குத்தந்தை இதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

கையெழுத்து என்பது ஒரு நிமிட வேலைதானே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். அந்த ஒரு நிமிடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எப்படிப் போனது என்று சொல்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன், நீங்களும் தேடவேண்டாம்.

அவளுடைய வீட்டுக்காரர் கேரளத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். கொச்சி, கொல்லம் என்று துறைமுகங்களில் தங்கல் தொழில். கணக்கு முடித்து அவர் எப்போது ஊருக்கு வருவார் என்பது காற்றுக்கும் படகு முதலாளிக்கும்தான் தெரியும். அவளுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். குறைந்தது இரண்டு வருடமாவது உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். முதல் ஊசியை மருத்துவரே பார்த்துப் போட்டார். அடுத்தவற்றை நம் பங்கு மன்றத்து அறையில் நர்சம்மா போட்டுவந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தவள் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு போவாள். மாத்திரை அட்டை என்றால் தலையணைக்கு அடியில் யாராவது பார்ப்பார்கள். ஊசிக்கு அந்தப் பயம் இல்லை. பெண்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்பது நர்சம்மாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்துபோனதால்தான் வாசலில் ஆள் போட்டீர்கள்.

தீர்மானத்துக்குப் பிறகு அவள் வேறு வழியில்லாமல் கணவனுக்குப் போன் செய்து கேட்டாள். அவர் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வாட்ஸாப்பில் அனுப்பினால் போதுமா என்று உங்கள் ஆளிடமும் விசாரித்தாள். செல்லாது என்று பதில் வந்தது. அது செல்லுபடியாகியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஏனென்றால் போனில் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “நான் இல்லாத வீட்டில் உனக்கு எதற்கு ஊசி?”

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தீர்மானம் வருவதற்கு முன் அந்த வீட்டில் இல்லாத கேள்வி இது. அன்றிலிருந்து மாமியாரின் பார்வை மாறியது. மீன் விற்கப் போய்த் திரும்ப அரை மணி தாமதமானால் கேள்வி. அவளுடைய போனைக் கொழுந்தன் வாங்கிப் பார்க்கிறான். போட வேண்டிய தேதி தவறினாலும் நான்கு வாரம்வரை அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அந்த நான்கு வாரமும் இப்படியே கழிந்தது. ஜூன் மாதம் கேரளத்தில் 52 நாள் ட்ராலிங் தடை வந்தது, படகுகள் கரையேறின, அவரும் ஊருக்கு வந்தார். மீன் குஞ்சு பொரித்துப் பெருகக் கடலுக்கே வருடத்தில் இத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று அரசு சட்டம் போட்டிருக்கிறது, நீங்களும் அதை ஒழுங்காக மதிக்கிறீர்கள். அந்த ஓய்வுக் காலத்தில்தான் அவள் ஐந்தாவது முறை கர்ப்பமானாள். போன வாரம் சந்தையில் மீன்கூடையோடு மயங்கி விழுந்தவள் அவள்தான். இரத்தம் ஏழுதான் இருக்கிறது என்கிறார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அறை இல்லாவிட்டால் என்ன, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே போகலாமே என்பீர்கள். போகலாம். பஸ் மாறிப் போய் வர அரை நாள், அன்றைய மீன் வியாபாரம் போச்சு. அதைவிட, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணை எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடுகிற ஊரா நம் ஊர்?

இயற்கை முறை இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். கல்யாணத்துக்கு முந்தின வகுப்பில் நாள்களை எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை. கணவனும் மனைவியும் ஒரே மனதாக, ஒரே வீட்டில் இருந்தால் அது உதவக்கூடும். ஆனால் மாதக்கணக்கில் கடலில் கிடந்து வருகிறவர் நாள்காட்டியைப் பார்த்தா வீட்டுக்கு வருகிறார்? வந்தவரிடம், இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் என்று சொல்ல எங்களில் எத்தனை பேருக்கு வாய் இருக்கிறது? நாள்களை எண்ணும் பாடம் எங்களுக்கு, சரி. மனைவி வேண்டாம் என்றால் விலகிப் படுக்க வேண்டும் என்ற பாடத்தை அதே வகுப்பில் மாப்பிள்ளைகளுக்கு நடத்துங்கள். முதல் வரிசையில் கமிட்டியார் உட்காரலாம்.

போதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963இல் இதை ஆராய ஒரு குழு அமைத்தார். பிறகு விரிவாக்கப்பட்ட அந்தக் குழுவில் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டும் என்றே 1966இல் சொன்னார்கள். அடுத்து வந்த ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. அது அவருடைய அதிகாரம். ஆனால் தக்க காரணத்துக்காகப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கலாம் என்பதை அந்தச் சுற்றுமடலே ஒப்புக்கொள்கிறது. வழி எது என்பதில்தான் தகராறு. சுற்றுமடல் வந்த அதே ஆண்டு கனடா நாட்டு ஆயர்கள் கூடி, மனச்சாட்சிப்படி யோசித்தும் இதை முழுதாக ஏற்க முடியாத கத்தோலிக்கர் தாங்கள் விசுவாசிகளின் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டதாக எண்ண வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில், ஏழு முறை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று எட்டாவதைச் சுமந்த ஒரு பெண்ணைத் தாம் கண்டித்ததாகச் சொன்னார். ஏழு பிள்ளைகளை அநாதையாக்கப் போகிறாயா என்று கேட்டாராம். அவரும் இயற்கை முறையைத்தான் சொன்னார், மறைக்கவில்லை. ஆனால் ஒரு தாய் செத்துப்போவாளோ என்ற கவலை அவருக்கு முதலில் வந்தது. நம் தீர்மானத்தில் அந்தக் கவலைக்கு ஒரு வரிகூட இல்லை. கணவனின் கையெழுத்துக்கு மூன்று வரி இருக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கே கணவனின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற தேர்வு பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது. டெல்லியில் கேட்காத கையெழுத்தை நம் கடற்கரையில் கேட்கிறோம்.

பெரியவர்கள் சிலருக்கு நெருக்கடி நிலைக் காலத்து ஞாபகம் இருக்கிறது. நாட்டில் அன்று ஆண்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கருத்தடைக்கு அறுத்தார்கள் என்ற கசப்பு நியாயமானது. தன் உடம்பில் தன்னைக் கேட்காமல் கைவைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் எங்கள் பக்கம்தான் அவர்கள் நிற்கவேண்டும்.

ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கமிட்டி உறுப்பினர்களின் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகள், மிஞ்சினால் மூன்று. எல்லாம் நாள்களை எண்ணி, ஜெபித்து நடந்தவை என்றே நம்புகிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்ட ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். ஆணுக்கு அது தையல்கூட இல்லாத சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு மனைவி கையெழுத்து வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. போட வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் யாரும் போவதில்லை.

கையெழுத்து என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2011இல் இடிந்தகரைப் பந்தலில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக நாள்கணக்கில் பட்டினி கிடந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்! இந்தக் கடற்கரை ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் போனார்கள். போலீஸ் வந்தபோது கைப்பிள்ளையோடு முன்னால் நின்றார்கள். அப்போது கணவனின் கடிதம் கொண்டுவந்தாயா என்று எந்தக் கமிட்டியும் கேட்கவில்லை. ஊருக்கு உடம்பைக் கொடுக்க அனுமதி வேண்டாம், தன் உடம்பைக் காத்துக்கொள்ள மட்டும் அனுமதி வேண்டுமாம். இப்போது நம் ஆள்கள் குறைந்துவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. அது உங்களோடு நிற்கவில்லை. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு இடம் குறையும் என்ற கவலையில் 2024 அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே, பதினாறு பிள்ளைகளும் பெறச் சொல்லலாமோ என்று பேசினார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஊருக்குத் தலை குறைந்தாலும் நாடாளுமன்றத்தில் நாற்காலி குறைந்தாலும் எல்லாருக்கும் கண் போவது எங்கள் வயிற்றுக்குத்தான்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டது. உங்களைப் பகைத்துக்கொள்ள இதை எழுதவில்லை. படகு திரும்பாத இரவுகளில் ஊரை எழுப்பித் தேடப் போகிறவர்கள் நீங்கள்தான். பங்குச் சாமியார் எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அலைந்ததை மறக்கவில்லை. அதனால்தான் கலெக்டருக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பணிவோடு கேட்கிறோம். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மறுபடி எடுங்கள். கையெழுத்து நிபந்தனையை நீக்குங்கள். நோட்டோடு வாசலில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புங்கள், இதுவரை நோட்டில் எழுதிய பெயர்களைக் கிழித்துவிடுங்கள். ஊசி கூடாது என்று பூசையில் பிரசங்கம் வையுங்கள், அது உங்கள் உரிமை, உட்கார்ந்து கேட்போம். அதைக் கேட்ட பிறகு அறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது அவளவள் முடிவு. இந்தப் பொருளைப் பேசும்போது தெருத்தெருவாக உள்ள அன்பியக் குழுக்களிலிருந்து இரண்டு பெண்களாவது கூட்டத்தில் இருக்க இடம் கொடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.

நர்சம்மா அடுத்து வருவது மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை. ஊசித் தேதி நெருங்கியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்குள் உங்கள் பதில் தெரிந்தால் நல்லது. அறை கிடைக்காதென்றால் ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திண்ணைக்கும் ஊர் வரி உண்டென்றால் எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள், கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஊர் வரி தவறாமல் கட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி