பேரரசப் பென்குயினைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொச்சியில் கூடும் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மே, 2024

அண்டார்க்டிக் உடன்படிக்கையின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டத்துக்காகக் கொச்சி வரும் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

மே 20-ஆம் தேதி நீங்கள் கூடுகிறீர்கள். பத்து நாள்களில் எத்தனையோ ஆவணங்கள் உங்கள் மேசைக்கு வரும். அவற்றுள் இரண்டு ஆண்டுகளாக முடிவு காணாமல் கிடக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். பேரரசப் பென்குயினைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2022-இல் பெர்லினில் கூடிய உங்கள் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறிவியலாளர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். செயல்திட்ட வரைவும் ஆயத்தமாக இருந்தது. ஏறக்குறைய எல்லா நாடுகளும் இசைந்தன. ஒரு நாடு மறுத்தது. ஒருமித்த கருத்து இல்லாமல் எதுவும் நிறைவேறாது என்பது உங்கள் விதி. ஆகவே விஷயம் அங்கேயே நின்றுபோனது. அந்த நாட்டின் பெயரை எழுதி யாரையும் சங்கடப்படுத்த நான் வரவில்லை. சொல்லப்பட்ட காரணத்தைப் பற்றித்தான் என் பேச்சு. அதற்கு முன், அதே ஆண்டில் பனியின் மேல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் நீங்கள் பெர்லினில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலின் உறைந்த பரப்பில் ஆண் பென்குயின்கள் முட்டையை வாங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைமாற்றத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். முட்டை ஒன்றே ஒன்றுதான். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. தாய் அதைத் தன் பாதங்களின் மேல் வைத்திருக்கிறது. ஆணும் பெண்ணும் அலகு தாழ்த்தி, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டுமளவுக்கு நெருங்கி நிற்கின்றன. முட்டை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உருள வேண்டும். வழுக்கிப் பனியில் விழுந்து சிறிது நேரம் கிடந்தாலே உள்ளிருக்கும் கரு உறைந்துபோகும். இளம் இணைகள் பல இதில் தவறிவிடுவதுண்டு.

முட்டையைக் கொடுத்த தாய் இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. தந்தை தன் வயிற்றுத் தோல்மடிப்பால் அதைப் போர்த்திக்கொண்டு அறுபத்தைந்து நாள்கள் போல நிற்கிறது. சூரியன் எழாத குளிர்காலம். வெப்பம் உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்குகிறது. ஆண்கள் ஒன்றோடொன்று முட்டி நெருக்கிக் கும்பலாக நின்று, வெளி ஓரத்தில் நிற்பவை மெல்ல மெல்ல உள்ளே வர இடம் விட்டு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இணை சேர வந்த நாள் முதல் தாய் திரும்பும் வரை கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு மாதம் அந்தத் தந்தை ஒரு மீன்கூடத் தின்பதில்லை. உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிடுகிறது. தாய் வரத் தாமதித்தால், பட்டினி கிடக்கும் அந்த உடம்பே தன் உணவுக்குழாயில் பால்போல ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது.

இவ்வளவும் நடப்பது பெரும்பாலும் கடலின் மேல். கரையோடு ஒட்டி உறைந்த பனித்தளம் ஏப்ரலில் இறுகி டிசம்பர் வரை உடையாமல் இருந்தால்தான் குஞ்சு தேறும். அதன் சாம்பல் நிறத் தூவி நீரைத் தாங்காது. நீர் ஒட்டாத இறகு முளைப்பதற்குள் பனி உடைந்தால் குஞ்சு நனைந்து விறைத்துச் சாகும், அல்லது மூழ்கும்.

2022-இன் இறுதியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் அதுதான் நேர்ந்தது. அங்கே அறியப்பட்ட ஐந்து பென்குயின் குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே பனி போய்விட்டது. ஆகஸ்ட் 2023-இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தினர் அதை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் தனித்தனிப் பறவைகள் தெரிவதில்லை. வெள்ளைப் பனியில் அவற்றின் எச்சம் படிந்த பழுப்புக் கறைதான் தெரியும். அந்தப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் விரல் நுனி அளவு பழுப்புக் கறை. பிந்தைய படத்தில் அதே இடத்தில் கருநீல நீர். ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் முடிவுக்கு மிஞ்சிய தடயம் அவ்வளவுதான். அன்று இரவு வெகுநேரம் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். இந்த இனம் உடனடி ஆபத்தில் இருப்பதற்குச் சான்று போதாது, இதன் தொகை இன்னும் கணிசமாகவே இருக்கிறது என்பதுதான் மறுப்பின் சாரம். தொகை இருக்கிறது என்பது உண்மை. இன்று 66 குடியிருப்புகள் அறியப்பட்டுள்ளன. இரண்டரை லட்சம் இணைகள் அளவில் இருக்கலாம் என்பது கணக்கு. ஆனால் இந்தப் பறவை இருபது ஆண்டுகள் போல வாழக்கூடியது. ஐந்தாறு வயதில்தான் முட்டையிடத் தொடங்குகிறது. 2022-இல் செத்த குஞ்சுகளின் இடம், 2027, 2028-இல்தான் இனப்பெருக்கம் செய்யும் வரிசையில் வெறுமையாகத் தெரியும். அதுவரை முதிர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் வந்து நிற்கும், நீங்களும் எண்ணிவிட்டுக் குறையவில்லை என்று எழுதலாம். எண்ணிக்கை சரியும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பட்டியலில் சேர்ப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்கு ஒப்பானது. பாதுகாப்பு தேவைப்படுவது பறவைகள் இருக்கும்போதுதான். ஆகவே மீண்டும் கேட்கிறேன்: பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவை தாமாகவே பழகிக்கொள்ளும் என்று சொல்பவர்களும் உண்டு. அவை முயலாமல் இல்லை. வெடல் கடலின் ஹாலி விரிகுடாவில், உலகின் இரண்டாவது பெரிய குடியிருப்பு என்று கருதப்பட்ட இடத்தில், 2016-இல் பனி முன்கூட்டியே உடைந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குஞ்சுகள் தேறவில்லை. பெரிய பறவைகளில் ஒரு பகுதி இடம்பெயர்ந்து டாசன்-லாம்ப்டன் குடியிருப்போடு சேர்ந்துகொண்டது. வேறு சில இடங்களில் கடற்பனி பிந்தி உறைந்த ஆண்டுகளில், குறுங்கால்களோடு உயரமான பனித்தட்டின் மேல் ஏறி முட்டையிட்டிருக்கின்றன. கடந்த மாதம் உலகமெங்கும் பகிரப்பட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: அட்கா விரிகுடாவில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பதினைந்து மீட்டர் உயரப் பனி விளிம்பில் தயங்கி நின்று, ஒவ்வொன்றாகக் கடலில் குதித்தன. அதை வெப்பமயமாதலின் நேரடி விளைவு என்று நான் சொல்ல மாட்டேன், அறிவியலாளர்களும் சொல்லவில்லை. கடற்பனி இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட காட்சிகள் பெருகலாம் என்றுதான் அஞ்சுகிறார்கள். வட துருவத்தின் விலங்குகளோ மலைவாழ் உயிரினங்களோ குளிரைத் தேடி வடக்கேயும் உயரத்துக்கும் கொஞ்ச தூரமாவது போகலாம். இந்தப் பறவை தெற்கே எங்கே போகும்? அங்கே இருப்பது கண்டம். கடலை விட்டுப் போனால் இரை இல்லை.

கோபம் வரத்தான் செய்கிறது. பிப்ரவரி 2023-இல் அண்டார்க்டிகாவின் கடற்பனி ஏறக்குறைய 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1979 முதல் செயற்கைக்கோள் வைத்திருக்கும் பதிவில் அதைவிடக் குறைவு இல்லை. அதே ஆண்டில் ஹெல்சிங்கியில் கூடிப் பருவநிலை மாற்றம் குறித்துப் பிரகடனம் வெளியிட்டீர்கள். கிழக்கு அண்டார்க்டிகக் கடலுக்கான பாதுகாப்புப் பகுதி பத்து ஆண்டுகளுக்கு மேலாக, இதே ஒருமித்த கருத்து விதியில் சிக்கி, அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிரினங்களுக்கான ஆணையம் கூடும் ஹோபார்ட்டில் நிற்கிறது. பென்குயினும் சீலும் திமிங்கிலமும் நம்பியிருக்கும், இறால்போன்ற சிற்றுயிரான கிரில்லை மீன் பண்ணைத் தீவனத்துக்கும் மாத்திரைக்கும் கப்பல் கப்பலாக அள்ளுகிறார்கள். 2022-23 பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே போயிருக்கிறார்கள். இந்தப் பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் அண்டார்க்டிகாவின் நிலப்பகுதியையே எட்டி, ஸ்குவா பறவைகளில் உறுதிப்பட்டது. ஒரு தந்தை நான்கு மாதம் பட்டினி கிடந்து காப்பாற்றும் ஒரு முட்டைக்கு, இத்தனை நாடுகள் சேர்ந்து ஒரு வரி எழுத இரண்டு ஆண்டுகள் போதவில்லையா?

மன்னியுங்கள். கேட்க வந்ததை விட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

பட்டியலில் பெயர் ஏறினால் பனி உருகாமல் நின்றுவிடாது என்பது எனக்கும் தெரியும். கரியமில வாயுவைக் குறைக்கும் முடிவுகள் வேறு மேசைகளில் எடுக்கப்பட வேண்டியவை. ஆனால் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கலாம், கப்பல் எவ்வளவு நெருங்கலாம், மனிதர்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எந்த ஆய்வுக்கு அனுமதி தரலாம், குடியிருப்புகளை எல்லா நாடுகளும் சேர்ந்து எப்படிக் கண்காணிப்பது என்பதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. பனியால் நொந்திருக்கும் ஓர் இனத்துக்கு மனிதர்களின் தொல்லையும் சேராமல் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

முன்னுதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 1973-இல், பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, டென்மார்க், நார்வேயுடன் அமர்ந்து பனிக்கரடியைக் காக்க ஒப்பந்தம் செய்தன. உங்கள் பட்டியலே நிலையான சங்கிலி அன்று. ஃபர் சீல்கள் தேறிய பிறகு, 2006-இல் அவற்றை நீக்க நீங்களே முடிவெடுத்தீர்கள். இன்று அதில் ராஸ் சீல் மட்டும் தனியாக இருக்கிறது. பேரரசப் பென்குயின் உண்மையிலேயே ஆபத்தில் இல்லை என்று நாளை தெரிந்தால் அதையும் நீக்கிவிடலாம். அப்படி நீக்கும் நாளைப் பார்க்க என்னைவிட ஆசைப்படுபவர் யாரும் இருக்க முடியாது.

கூட்டத்தை நடத்தும் இந்தியாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 1983 முதல் இந்த மேசையில் இடம் பெற்ற நாடு நாம். அண்டார்க்டிகாவில் உள்ள நம் ஆய்வு நிலையங்களான மைத்ரியிலும் பாரதியிலும் நம் ஆய்வாளர்கள் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். விருந்தோம்புபவர் என்ற முறையில், மறுக்கும் தரப்பினருடன் தனியே அமர்ந்து பேசுங்கள். அவர்கள் கேட்கும் சான்று எது, எத்தனை குடியிருப்புகள் எத்தனை ஆண்டுகள் தோற்றால் அது போதுமானதாகும் என்பதை எழுத்தில் பெறுங்கள். இந்த முறையும் முடியாமல் போனால், யார், என்ன காரணத்தால் மறுத்தார்கள் என்பது இறுதி அறிக்கையில் தெளிவாக இடம்பெறட்டும்.

நீங்கள் கொச்சியில் இருக்கும் அதே நாள்களில் தெற்கே இந்த ஆண்டின் முட்டைகள் கைமாறிக்கொண்டிருக்கும். தயவுசெய்து, இந்தக் கூட்டத்திலேயே, பேரரசப் பென்குயினைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே 30-ஆம் தேதி வெளிவரும் முடிவுகளில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவேன்.

பணிவுடன்,
அந்தப் படங்களை மறக்க முடியாத ஒரு வாசகர்