செயலாளர் அறிக்கை: கொம்பனிக் கணக்கோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பங்குனி முதல் இந்த மாசி வரையான அறிக்கை இது. வழக்கமான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலையின் ஓடு மாற்றும் வேலை ஒருவாறு முடிந்தது. பத்திரிகைகள் தடையில்லாமல் வந்தன. சிறுவர் பகுதிக்கு அலுமாரி ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. பூட்டுத்தான் இன்னும் வாங்கவில்லை. விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு தடவை தள்ளிப்போய், அப்புறம் நடந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை மாதாந்த வாசிப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு புத்தகமாக அரைகுறையாகப் பேசுவதை விட, ஒருவரையே எடுத்து வருடம் முழுக்கப் படிப்போம் என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். எடுத்தது வரலாற்றுப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தை. 1930இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்து, பிறகு அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து, 1998இல் மறைந்தார். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எங்களில் பலர். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் நாலு பேர் முன்கூட்டியே வாசித்துக் குறிப்பெடுத்து வந்து தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. அந்த நால்வருக்கும் சபையின் நன்றி.

முதல் மூன்று அமர்வுகள் 1958இல் வெளிவந்த அவருடைய முதல் நூலோடு போயின. 1658 முதல் 1687 வரை ஒல்லாந்தர் இலங்கையில் எப்படிக் காலூன்றினார்கள் என்பது விடயம். போர்க்கதையாக இருக்கும் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம். உள்ளே இருந்தது வரவு செலவு. கோட்டைக்கும் படைக்கும் ஆகும் செலவை எதில் ஈடுகட்டுவது, எந்த வரியைக் குத்தகைக்கு விடுவது, எந்தச் சரக்கைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்று ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி ஓயாமல் போட்ட கணக்கு. தோம்பு என்ற சொல் வந்ததும் சபை விழித்துக்கொண்டது. போர்த்துக்கேயர் தொடங்கியதை ஒல்லாந்தர் திருத்தி எழுதினார்கள்: காணிக்கு ஒரு தோம்பு, ஆளுக்கு ஒரு தோம்பு. யாருக்கு எந்தக் காணி, யாரிடம் எவ்வளவு வரி, யார் எத்தனை நாள் ஊழியம் என்று பார்ப்பதற்கான கொப்பி அது. உறுதிப் பத்திரங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய எங்கள் மூத்தவர்கள் அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்தார்கள்.

அடுத்தது யானை. யாழ்ப்பாணத்தில் கொம்பனிக்குப் பெரிய காசு வந்த வழிகளில் அது முக்கியமானது. வன்னியிலிருந்து திறையாக வந்ததும் தெற்கிலே பிடித்ததும் இங்கே கொண்டுவரப்பட்டு, கோல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரைத் தினமும் சொல்கிறோம். அங்கே இறங்கியது யாருடைய முதல் என்று யோசித்ததில்லை. உயரத்தை முழத்தால் அளந்துதான் விலை பேசினார்களாம். இதைக் கேட்ட ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எழுந்து, வாசிகசாலைச் சுவரில் தன் கையால் ஆறு முழம் அளந்து, கரித்துண்டால் கோடு போட்டார். ஆறாவது முழத்துக்குக் கதிரையில் ஏற வேண்டியிருந்தது. கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வேண்டும் என்று பொருளாளர் மூன்று தடவை எழுத்தில் தந்திருக்கிறார்.

நான்காம் அமர்வில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான தோணி வியாபாரம். துணியையும் பாக்கையும் கொம்பனி தன் பிடிக்குள் கொண்டுவந்ததும், அவற்றை நம்பி வந்த தோணிகள் குறைந்தன. அரிசி வந்ததும் அதே தோணிகளில்தான். பிறகென்ன, அரிசிக்குத் தட்டுப்பாடு. இந்த இடத்தில் கூட்டம் 2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைக்குப் போய்விட்டது. தலைவர் கஷ்டப்பட்டுத்தான் பதினேழாம் நூற்றாண்டுக்கு இழுத்துவந்தார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அரசரத்தினம் படித்தது பெரும்பாலும் கொம்பனி உத்தியோகத்தர் தங்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களையும் கணக்குகளையும். அவற்றில் உள்ளூர் வியாபாரியைப் பற்றிப் பாதிக்குமேல் முறைப்பாடு: முற்பணத்தை வாங்கிவிட்டுத் துணியைத் தரவில்லை, விலையை ஏற்றுகிறான், பக்கத்துத் துறையில் வேறு வெள்ளைக்காரனுக்கு விற்கிறான். முறைப்பாட்டை அப்படியே நம்பினால் வியாபாரி ஏமாற்றுக்காரன். இவர் அதைத் திருப்பிப் போட்டு வாசிக்கிறார். விலையை ஏற்றுகிறான் என்றால் அவனுக்கு வேறு சந்தை இருக்கிறது. வேறு ஆளுக்கு விற்கிறான் என்றால் பேரம் பேசும் பலம் அவன் கையில் இருக்கிறது. எரிச்சலோடு எழுதிய கடிதத்திலிருந்தே மறுபக்கத்து மனிதனின் தொழிலைக் கட்டி எழுப்பியதுதான் அவருடைய கெட்டித்தனம்.

1650 முதல் 1740 வரையான சோழமண்டலக் கரை பற்றி 1986இல் வந்த நூலில் இதை விரிவாகப் பார்த்தோம். பழவேற்காட்டில் ஒல்லாந்தரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த மலையா செட்டிகள், சென்னையில் ஆங்கிலேயரின் தலைமை வியாபாரியாயிருந்து 1680இல் இறந்த காசி வீரண்ணா எல்லோரும் வந்துபோனார்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் வீரண்ணாவின் பெயர் 'காசா வெரோனா'. குறிப்பெடுத்த தம்பி முதலில் இத்தாலிக்காரர் என்றே நினைத்துவிட்டார்! வியாபாரிகளைப் பங்கு போட்டு ஒரே முதலாகச் சேரவைத்து, ஒருவர் கடனுக்கு எல்லோரையும் பொறுப்பாக்க ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முயன்ற கதையும் உண்டு. எங்கள் சிக்கனக் கடன் சங்கத்தில் இருந்தவர்களுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை.

1750க்குப் பிந்திய காலத்தைப் பற்றிய நூல் 1996இல் வந்தது. கடைசி இரண்டு அமர்வுகளும் அதற்கு. முன்பு துணி வாங்க ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கொம்பனி கப்பலில் பொன்னும் வெள்ளியும் கொண்டுவர வேண்டியிருந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப்பிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி கைக்கு வந்தபோது நிலவரியும் வந்தது. 1765இல் வங்காளத்தின் வரி உரிமை. அப்புறம் அந்த ஊர்ச் சனம் கட்டிய வரியிலேயே அந்த ஊர்த் துணியை வாங்கலாம். வாங்குபவனும் ஆள்பவனும் ஒருவனே என்றானபோது, முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகும் நெசவாளியின் பழைய உரிமை தேய்ந்தது. வியாபாரிக்கும் பேரம் பேச இடமில்லாமல் போனது. அந்த இரண்டில் ஓர் அமர்வுக்கு வந்தவர்கள் பதினொரு பேர்தான். பரீட்சைக் காலம். ஆனால் வருடத்தின் மிக நல்ல அமர்வு அதுதான் என்பது என் எண்ணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சிறப்புரைக்கு இசைந்த ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. போட்ட வடை வீணாகவில்லை. இரவலாக வந்த 1986ஆம் ஆண்டு நூலில் தேநீர் சிந்தியது என் கைப்பிழை. உரியவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நூலைச் சித்திரைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், கையில் வைத்திருப்பவர் தயவுசெய்து கொண்டுவரவும். தமிழ்க் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்ய ஒருவர் தேவை. கொப்பிகள் நாலும் என்னிடம் இருக்கின்றன.

சுவரிலுள்ள கரிக்கோட்டை அழிப்பதா விடுவதா என்பதை இன்றைய கூட்டத்தின் வாக்கெடுப்புக்கு விடுகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்