பரணைக் காலி செய்யவில்லை

அன்புள்ள மகனுக்கு,

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் பீமிஷ் போயிருந்தோம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு நீ போய்வந்தாயே, இங்கிலாந்தின் டர்ஹமில் இருக்கும் அதே திறந்தவெளி அருங்காட்சியகம்தான். இப்போது 1950களின் தெரு ஒன்றையும் கட்டி 2022இல் திறந்திருக்கிறார்கள். அப்பா டிராமை விட்டு இறங்குவதாயில்லை. மேல்தளத்தில் இடம் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். நான் தனியாக நடந்தேன். அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

எனக்கு மனம் ஒட்டிப்போனது கூட்டுறவுக் கடையில்தான். ஆன்ஃபீல்ட் பிளெயினில் இருந்த கடையைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். விற்பவரிடம் கல்லா கிடையாது. பணத்தையும் சீட்டையும் உள்ளே குடைந்த ஒரு மரப்பந்தில் வைத்து மூடி, தலைக்கு மேலே ஓடும் தடத்தில் ஏற்றிவிடுகிறார். சரிவில் அது கடகடவென்று உருண்டு காசாளரிடம் போய்ச் சேருகிறது. மீதிச் சில்லறையும் அதேபோல் உருண்டு திரும்புகிறது. வாங்கும் சரக்குக்கு ஏற்ப உறுப்பினருக்கு லாபத்தில் பங்கு உண்டு என்பதால், ஒவ்வொரு விற்பனையையும் உறுப்பினர் எண்ணோடு பதிந்தாக வேண்டும். என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், தன் தாயாரின் எண்ணை யாரும் கேட்காமலே ஒப்பித்தார். அந்தக் கடைக்கு வேறு விளக்கப் பலகையே வேண்டாம் என்று தோன்றியது.

சுரங்கத் தொழிலாளர் வீட்டில் அடுப்பருகே ஒரு பெண் தரைவிரிப்பு செய்துகொண்டிருந்தார். பழைய கம்பளிக் கோட்டுகளை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, சாக்குத் துணியில் குத்திக் குத்திச் செருக வேண்டும். துணிக்கிளிப்பின் பாதியைச் சீவிச் செய்ததுதான் கருவி. என் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தார். நான் செருகியது உடனே நழுவி விழுந்தது. ஓரமெல்லாம் கறுப்பும் சாம்பலும், நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அந்தச் சிவப்பு யாருடைய உடுப்போ!

சுரங்கத்துக்குள்ளும் போனேன். 1855இல் தோண்டிய நிஜச் சுரங்கம். குனிந்தே நடக்க வேண்டும். அங்கே மட்டும் ஏக்கம் கீக்கம் எதுவும் வரவில்லை. மேலே எல்லாமே கொஞ்சம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது, கண்ணா. நிலக்கரிப் புகை மணக்கிறது, ஆனால் அதைச் சுவாசித்து இருமுகிறவர் யாரும் இல்லை. ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் ஃபிராங்க் அட்கின்சன். ஸ்காண்டிநேவியாவில் இப்படிப்பட்ட அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு வந்து, 1958இலேயே யோசனை சொன்னார். பீமிஷ் உருவானது 1970இல். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம், எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்க அவகாசம் இல்லை. மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டார். குவிந்ததை வைக்க இடமில்லாமல் பழைய ராணுவ முகாமின் கொட்டகைகளை நிரப்பினார்கள். தட்டுமுட்டுச் சாமான் என்று அன்றைக்கு அவர் ஒதுக்கியிருந்தால் எனக்கு அந்தத் துணிக்கிளிப்புக் கருவியைப் பார்க்கக் கிடைத்திருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன், பரணில் இருக்கும் உன் பெட்டிகளை நான் தூக்கிப் போடப் போவதில்லை. போனில் சொன்னால் நீ பேசவே விடமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். கேசட்டுகள், பள்ளி நோட்டுகள், கை போன ரோபோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு வரும்போது நீயே உட்கார்ந்து பிரித்துக்கொள். சைக்கிளை மட்டும் அப்பா பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அதை அவரிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா