கண்காணிப்புக் கேமரா திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் சிவன் கோயிலில் எட்டு கேமராக்கள் பொருத்தும் வேலை முடிந்து, கோயில் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. பில்களை அலுவலகத்தில் பார்க்கலாம். கேபிள் இழுத்தது, பதிவுப் பெட்டி வைத்தது எல்லாம் சீக்கிரமே முடிந்தது. எந்த இடத்தில் அசைவு தெரிந்தால் அலாரம் அடிக்க வேண்டும் என்று பகுதி குறிப்பதில்தான் காலம் பிடித்தது. பலரும் அதைப் பற்றியே கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு ஆள், நாய் என்ற வித்தியாசம் தெரியாது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் மாறியது என்று பார்க்கும், அவ்வளவுதான். பொருத்தியவர்கள் முழுப் படத்தையுமே அலாரப் பகுதியாகக் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். வில்வ மரம் ஆடினால் அலாரம். தெருவில் லாரி திரும்பி, அதன் வெளிச்சம் மதிலில் ஓடினால் அலாரம். விளக்குச் சுடர் அசைந்தால் துவாரபாலகரின் நிழலும் அசையும், அதற்கும் அலாரம். கோயிலில் இரவுக் காவல் இருக்கும் மெய்க்காவலர் கடைசியில் போன் சத்தத்தை அணைத்துவிட்டே படுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் எதை விடுவது என்பதிலிருந்து தொடங்கினோம். மரக்கிளை, தெரு, கொடிமரத்தின் மேல்பாகம், விளக்கு மாடங்கள் எல்லாம் பகுதிக்கு வெளியே போயின. மதில் கேமராக்களில் உள்பக்கம் ஆள் குதித்தால் கால் ஊன்றும் தரையை மட்டும் பட்டையாகக் குறித்தோம். உண்டியலுக்கு அதைச் சுற்றிக் கையெட்டும் தூரம் வரை. பிறகு மெய்க்காவலரே இருட்டில் நடந்தும், குனிந்தும், மதிலோரமாக ஊர்ந்தும் காட்டினார். அவர் ஊர்ந்தபோது அலாரம் அடித்து, மடைப்பள்ளிப் பூனை போனபோது அடிக்காத அளவுக்குச் சென்சிடிவிட்டியை இறக்கி நிறுத்தினோம்.

இரவில் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளிப் பறக்கும் விட்டில் பூச்சி திரையில் வௌவால் அளவுக்குத் தெரியும். ஒற்றைச் சிலந்தி நூல்கூடக் காற்றில் ஆடி வெள்ளைக் கோடாக மின்னும். இதற்கு எந்தச் செட்டிங்கும் உதவாது, ஒட்டடைக்கோல்தான். வாரம் ஒருமுறை அடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

கருவறைக்குள் கேமரா வேண்டாம் என்ற குருக்கள் ஐயாவின் சொல்லை அப்படியே ஏற்றோம். குளப் படித்துறையில் பெண்கள் உடை மாற்றும் மூலையும், மதிலை ஒட்டிய வீட்டின் ஜன்னலும் படத்தில் கறுப்பாக மறைக்கப்பட்டுள்ளன. அந்த இடங்கள் பதிவாவதே இல்லை.

எல்லாவற்றையும் நாள் முழுக்கப் பதிவு செய்யக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி. எட்டும் ஓடினால் 4 டிபி ஹார்ட் டிஸ்க் பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். ஆகவே உண்டியலும் சந்நிதி வாசலும் மட்டும் முழுநேரம். மற்ற ஆறும் குறித்த பகுதியில் அசைவு தெரிந்தால் மட்டும். அசைவுக்கு முந்தைய சில விநாடிகளும் அதில் சேர்ந்தே பதிவாகும்.

சுண்ணாம்பு அடிக்கவோ பந்தல் போடவோ சாரம் கட்டும்போது கேமராவை இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா திரும்பினால் குறித்த பகுதி கூடவே திரும்பாது. படத்தில் பழைய இடத்திலேயே நிற்கும், அது காவல் காப்பது வேறு எதையோ ஆகிவிடும்.

அலாரம் அர்த்தஜாமம் முடிந்து நடை சாத்தியதும் தொடங்கி, காலை நடை திறப்பதற்கு முன் நிற்கும்படி நேரம் வைத்திருக்கிறோம். மார்கழியில் நடை விடியுமுன்பே திறப்பதால் முதல் தேதிக்குள் அந்த நேரத்தை மாற்ற வேண்டும். சிவராத்திரி இரவு அலாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, மறுநாள் மறக்காமல் போட வேண்டும். இரண்டும் அலுவலக மேலாளர் பொறுப்பு. கடவுச்சொல் அவரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு