பணம் எங்கே போயிருக்கிறது என்று பார், அம்மாடி

அன்பு மகளுக்கு,

உன் கல்லூரிக் குழு வடிவமைக்கும் மோட்டார்சைக்கிள் என்று நீ அனுப்பிய வரைபடங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணுக்குப் பிடிபடவில்லை. முதலாளி தவுக்கேயிடம் சொல்லிப் பட்டறை பிரிண்டரில் பெரிய தாளாக எடுத்துக்கொண்டேன். இப்போது உன் மோட்டார்சைக்கிள் என் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் நான் பென்சிலால் கிறுக்கியதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

ஃபிரேம் அழகாக வந்திருக்கிறது. இன்ஜின் விஷயத்தில் குழுவுக்குள் இரண்டு கட்சி என்று எழுதியிருந்தாய். நீ 600 சிசி நான்கு சிலிண்டர் பக்கம். மற்றவர்கள் 700 சிசிக்குக் கிட்டத்தில் இரண்டு சிலிண்டர், அதாவது டுவின் பக்கம். “டுவின் என்றால் செலவைக் குறைக்கப் போடுவதுதானே, அதில் என்ன பொறியியல் இருக்கிறது அப்பா?” என்று கேட்டிருந்தாய். நான் உன் எதிர்க்கட்சி. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி.

நான்கு சிலிண்டர் 600-இன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலாக்கா வரை போனது ஒரு சிபிஆர்600எஃப்-இல்தான். 1985-இல் கவாஸாக்கியின் ஜிபிஇசட்600ஆர் வந்தது, 1987-இல் ஹோண்டாவின் சிபிஆர்600எஃப் வந்தது. அந்தக் காலத்து 600 எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது. திங்கள்கிழமை வேலைக்குப் போகும், சனிக்கிழமை ஜோகூருக்குப் போகும், யாருக்காவது ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் போகும். அப்புறம்தான் போட்டி முற்றியது. 1999-இல் யமஹா ஆர்6, 2003-இல் சிபிஆர்600ஆர்ஆர் என்று ஒவ்வொரு தடவையும் கைப்பிடி இறங்கியது, சீட் ஏறியது, இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று கூடியது. 2006-இன் ஆர்6-இல், அந்தச் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் சிவப்புக் கோடு 17,500-இல் இருந்தது. இன்ஜின் உண்மையில் சுற்றியது அதைவிட ஆயிரத்துக்கும் மேல் குறைவு என்று தெரிந்ததும், அமெரிக்காவில் வேண்டாம் என்று சொன்னவர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள யமஹாவே முன்வந்தது. ஒரு எண்ணுக்காக ஊரே அப்படி அலைந்த காலம் அது.

உனக்கும் அந்த எண் மேல்தான் மயக்கம் என்று நினைக்கிறேன். சரி, ஒரு கணக்குப் போடு. ஆர்6-க்கும் 600ஆர்ஆர்-க்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 67 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 42.5 மி.மீ. ஒரு சுற்றுக்கு பிஸ்டன் ஏறி இறங்குவது 85 மி.மீ. நிமிடத்துக்கு 16,000 சுற்று என்றால் 1,360 மீட்டர். இப்போது யமஹா எம்டி-07, ஆர்7 இரண்டிலும் உள்ள 689 சிசி டுவினை எடு. ஸ்ட்ரோக் 68.6 மி.மீ., ஆகவே ஒரு சுற்றுக்கு 137.2 மி.மீ. 10,000 சுற்றில் 1,372 மீட்டர். இரண்டுமே வினாடிக்கு ஏறக்குறைய 23 மீட்டர்! கத்துகிற இன்ஜினில் பிஸ்டன் அதிகம் ஓடுவதாகவும், முனகுகிற இன்ஜினில் அது சோம்பி இருப்பதாகவும் நமக்குத் தோன்றுகிறது. சராசரி வேகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 600-க்குக் குதிரைசக்தி கூடுதல், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் டுவினின் உச்ச இழுவை 6,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 600-இல் அதற்கு 10,000-ஐத் தாண்ட வேண்டும். நம் சிங்கப்பூர் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற ஒருவனுக்கு எது வேண்டும் என்று நீயே சொல்.

600 ஏன் ஐரோப்பாவில் சில ஆண்டுகள் கிட்டத்தட்டக் காணாமல் போனது என்று உன் பேராசிரியர் கேட்டால் “யாரும் வாங்கவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 15,000, 16,000 சுற்றில் காற்று உள்ளே வர நேரம் போதாது. அதனால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி, வால்வைத் திறக்கும் கேமை வெட்டுவார்கள். மேல் சுற்றில் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். கீழே, 3,000 சுற்றில், எரியாத பெட்ரோல் நேராக சைலன்சர் வழியே வெளியே போகும். ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதி அதைத்தான் பிடித்தது. 2020-க்குப் பிறகு ஆர்6 அங்கே சாலை வண்டியாக விற்கப்படவில்லை. வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரத்தைக் குறைத்தால் மேல் சுற்றில் கிடைக்கும் குதிரைசக்தி போய்விடும், அது போனால் 600-ஐ வாங்க வேறு காரணம் இல்லை. உங்கள் கட்சிக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. ஹோண்டா சிபிஆர்650ஆர் அந்த 67 மி.மீ. போரையே வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 46 மி.மீ. ஆக்கி, சுற்றைக் குறைத்து, நடுவில் இழுவையைக் கூட்டியது. நான்கு சிலிண்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தப் பக்கம் போ.

இனி உன் கேள்விக்கு வருகிறேன், டுவினில் என்ன பொறியியல் என்று.

270 பாகை கிராங்க். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க்; இதில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றுக்கொன்று 270 பாகை தள்ளி இணைந்திருக்கும். இதைத்தான் நீ சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டாய். வழக்கமான நான்கு சிலிண்டர் இன்ஜினில் நான்கு பிஸ்டனும் ஒரே நேரத்தில் நிற்கும், இரண்டு மேலே, இரண்டு கீழே. பிறகு நான்கும் ஒரே நேரத்தில் வேகமெடுக்கும். அந்த வேகத்துக்கான சக்தியை கிராங்க்தான் கொடுக்க வேண்டும், நிற்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் இழுபட்டுத் தள்ளுபட்டுச் சுற்றுகிறது. சுற்று கூடக்கூட இந்த இழுபறியும் பெரிதாகும். 270 பாகை டுவினில் ஒரு பிஸ்டன் நிற்கும் கணத்தில் மற்றது கிட்டத்தட்ட முழு வேகத்தில் இருக்கும். கொடுக்கல் வாங்கல் அவை இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நீ ஆக்சிலேட்டரில் கேட்டது பின் டயருக்குக் கலப்படம் இல்லாமல் போகும். யமஹா இதை 1995-இல் டிஆர்எக்ஸ்850-இலேயே போட்டுவிட்டது. 2009-இல் ஆர்1-க்கு, நான்கு பிஸ்டனும் 90 பாகை தள்ளித் தள்ளி இணைந்த கிராஸ்பிளேன் கிராங்க் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். டயருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது என்று விளம்பரத்தில் எழுதுவார்கள், அந்தக் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கையில் தெரிகிற துல்லியம்தான் எனக்குப் பெரிது.

சும்மா கிடைப்பதில்லை என்பதும் உண்மை. கிராங்கைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் அதிர்வு தானாக அடங்கிவிடும், கிராங்க் வேகத்தில் வருவது அடங்காது. அதை அடக்க எதிரெடை சுமந்து சுற்றும் பேலன்சர் தண்டு வேண்டும். யமஹா ஒன்று போடுகிறது. சுஸுகி தன் 776 சிசி டுவினில் கிராங்கைச் சுற்றி 90 பாகை இடைவெளியில் இரண்டு போட்டிருக்கிறது. உன் நண்பர்களின் இன்ஜின் படத்தில் பேலன்சர் எங்கே என்று கேள். நான் தேடினேன், காணவில்லை. வாதத்தில் நீ ஜெயிக்க அது ஒன்றே போதும், நான் சொன்னதாகச் சொல்லாதே.

செலவைக் குறைத்தார்கள் என்கிறாயே, குறைத்த பணத்தை எங்கே போட்டார்கள் என்று பார்த்தால்தான் வடிவமைத்தவரின் மூளை தெரியும். எம்டி-07-இலிருந்து 2021-இல் ஆர்7-ஐ எடுத்தபோது இன்ஜினில் கிட்டத்தட்ட கையே வைக்கவில்லை. அதே எஃகுக் குழாய் ஃபிரேம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சு (பிவட்) அருகே ஒரு அலுமினியத் தகடு போல்ட் போட்டு முறுக்கத்தைத் தாங்க வைத்தார்கள். முன்னால் 41 மி.மீ. தலைகீழ் ஃபோர்க். ரேக், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு, ஒரு பாகைக்கு மேல் நிமிர்ந்து 23.7-க்கு வந்தது; டிரெயில், அதாவது அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், 90 மி.மீ.-இலேயே நின்றது. ரேக் நிமிர்ந்தால் டிரெயில் குறைய வேண்டுமே, எப்படிக் குறையவில்லை? ஃபோர்க் ஆஃப்செட்டை, அதாவது அந்த அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி இருக்கும் தூரத்தை, குறைத்து அதை மீட்டுக்கொள்ளலாம். உன் படத்தில் ரேக்கை மட்டும் 23-க்கு நிமிர்த்திவிட்டு ஆஃப்செட்டைப் பழையபடி விட்டிருக்கிறாய். அப்படியே செய்தால் வேகத்தில் ஹேண்டில் தலையாட்டும். பிறகு மிச்சப் பணம் பிரேக்குக்குப் போனது. பிரேக் லீவரை ஒட்டி இருக்கும் பிரெம்போ நிறுவனத்தின் ரேடியல் மாஸ்டர் சிலிண்டரில் லீவர் போகும் திசையிலேயே பிஸ்டனும் தள்ளப்படுகிறது. இரண்டு விரலால் பிடித்தாலே பேட் டிஸ்க்கைத் தொடுவது தெரியும்.

போன வாரம் ஆர்7 ஒன்று கிளட்ச் மாற்ற வந்தது. மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை வரிசையாகத் துணியில் அடுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் சின்னச் சின்னச் சரிவுகள் வெட்டியிருக்கும், இருபுறமும் சாய்ந்து. இன்ஜின் டயரை இழுக்கும்போது ஒரு பக்கச் சரிவு பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் ஸ்பிரிங் மெலிதாக இருந்தாலே போதும், லீவர் இலேசாக இருக்கும். கியரைப் படபடவென்று இறக்கி டயர் இன்ஜினைத் தள்ளும்போது மறுபக்கச் சரிவு பிளேட்டைக் கொஞ்சம் விலக்குகிறது, பின் சக்கரம் துள்ளாது. பந்தயத்துக்குக் கண்டுபிடித்தது ஜோகூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இடது கையைக் காப்பாற்றுகிறது. ஸ்லிப்பர் கிளட்ச் என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போகாமல், சரிவின் கோணத்தை உன் படத்தில் குறித்துக் காட்டு.

ஃபிரேமைப் பற்றி ஒன்று. அழகு என்று சொன்னேன், ஆனால் இவ்வளவு விறைப்பு எதற்கு? வண்டி நன்றாகச் சாய்ந்து வளைவில் போகும்போது மேடு கீழிருந்து முட்டுகிறது, ஃபோர்க்கோ சாய்வாக இருக்கிறது. அந்த அடியில் பெரும்பங்கு பக்கவாட்டில் இறங்கும், சஸ்பென்ஷனால் அதை வாங்க முடியாது. ஃபிரேமும் ஸ்விங் ஆர்மும் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் டயரைச் சாலையில் ஒட்ட வைக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் திசையில் விறைப்பு, பக்கவாட்டில் நெகிழ்வு. உன் கணினி, அழுத்தம் மிகுந்த இடத்தைக் காட்டும் சிவப்பு எங்கும் இல்லாமல் ஃபிரேமைக் காட்டுகிறது என்று சந்தோஷப்படாதே.

நம் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள். இங்கே 400 சிசிக்கு மேல் ஓட்ட 2பி உரிமம் எடுத்து ஓராண்டு, 2ஏ எடுத்து ஓராண்டு காத்திருந்து அப்புறம்தான் வகுப்பு 2 உரிமம். ஆகவே இந்த வண்டியை வாங்குபவர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆள். வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் மோட்டார்சைக்கிளுக்கே 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிய காலத்தைப் பார்த்துவிட்டோம். ஸ்கூட்டருக்கும் 1,000 சிசி லிட்டர் வண்டிக்கும் அதில் ஒரே பிரிவு. 2017-இலிருந்து கூடுதல் பதிவுக் கட்டணம் வேறு படிப்படியாக ஏறுகிறது: வண்டியின் சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50, அதற்கு மேல் முழு 100. நீ ஃபிரேமில் கூட்டும் கடைசி ஆயிரம் வெள்ளி வாங்குபவரின் கையை இரண்டு மடங்காகக் கடிக்கும். இத்தனையும் கொடுத்து வாங்கி அவர் ஓட்டுவது 90 கிலோமீட்டர் வரம்புள்ள விரைவுச்சாலையில். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது, கார் மட்டுமல்ல, மோட்டார்சைக்கிளும் ஓடின. உன் தாத்தா மழையில் நின்று பார்த்த கதையை உனக்கும் எத்தனையோ முறை சொல்லியிருப்பார். இப்போது அங்கே குரங்குகள்தான் குறுக்கே ஓடுகின்றன.

அதனால் உட்காரும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்7-இல் எனக்குப் பிடிக்காதது அந்தத் தாழ்ந்த கைப்பிடிதான். மணிக்கட்டில் உடம்பு மொத்தமும் இறங்குகிறது. நீ அதைவிடவும் தாழ்த்தியிருக்கிறாய்! 30 மி.மீ. உயர்த்து. ரேடியேட்டர் விசிறியின் சூடான காற்று தொடையில் படாமல் கீழே போக, வண்டியின் வெளிமூடியான ஃபேரிங்கில் வழி விடு. அங்கே குளிரில் இருந்துகொண்டு வரைகிறாய், அதனால் தோன்றியிருக்காது. உன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, “பின்னால் ஆள் எங்கே உட்காருவது?”

கடைசியாக, பக்கவாட்டுப் படம் இன்னொன்று அனுப்பு. செயினை ஓட்டும் முன் ஸ்பிராக்கெட்டின் (பல்சக்கரம்) மையம், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே தாளில், ஆள் உட்கார்ந்த நிலையில் செயின் மேல்கோட்டுடன் வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்பக்கம் அமுங்குமா நிற்குமா என்பதை அந்த மூன்று புள்ளிகள்தான் தீர்மானிக்கும், நீ பிவட்டை ரொம்பக் கீழே வைத்திருப்பதாக எனக்குச் சந்தேகம். 1998-இன் ஆர்1-இல் கியர்பாக்ஸ் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இன்ஜினைக் குட்டையாக்கி, வீல்பேஸை (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம்) கூட்டாமலேயே ஸ்விங் ஆர்மை நீட்டினார்கள். உன் இன்ஜினில் அந்தத் தண்டுகள் படுத்துக் கிடக்கின்றன, நீளம் அங்கேதான் வீணாகிறது. அளவுகளை மில்லிமீட்டரில் எழுது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். பார்சலில் மிளகாய்த்தூளும் உன் பழைய கையுறையும் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா